இலச்சினை பேசும்பொழுது

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை யான் திண்ணையில் அமர்ந்து மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் இலக்கணம் கேட்டவன். இப்பொழுது ஒரு பல்கலைக்கழகத்திலே மூன்றாம் ஆண்டிற் பயில்கின்றான். வந்தவன் வழமைபோல் நலம் விசாரிக்கவில்லை. கையிலிருந்த இரண்டு தாள்களை என் முன்னே வைத்துவிட்டுத் தூணோடு சாய்ந்து நின்றான்.

ஒரு தாள், அவனும் அவன் தோழர்களும் வெளியிடவிருக்கும் சங்க மலரின் அட்டை மாதிரி. நடுவிலே பல்கலைக்கழகத்தின் இலச்சினை. அதனை வளைத்து ஒரு பூங்கொடி. அட்டையின் செந்நிறத்துக்கு இசைய இலச்சினையின் நிறமும் மாற்றப்பட்டிருந்தது. அடியிலே, செலவில் ஒரு பங்கை ஏற்ற நகைக்கடையொன்றின் பெயர் இலச்சினையோடு தோளுரசி நின்றது. மற்றைய தாள், பல்கலைக்கழக அலுவலகம் கொடுத்தது. இலச்சினையை எவரெவர், எங்கெங்கே, எவ்வெவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் விதிகள் அதிலே வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அட்டை அவ்விதிகளுக்கு மாறானது. ஆகவே அச்சிட அனுமதி இல்லை என்பது முடிவு.

“ஐயா, நாங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் அல்லவா? தாய்வீட்டின் அடையாளத்தைப் பிள்ளைகள் இட்டுக்கொள்ளக் கூடாதா? ஒரு படத்துக்கு இத்தனை சட்டமா? நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். இதைக் கண்டித்து ஒன்று எழுதவேண்டும்” என்றான்.

“எழுதுகின்றேன் தம்பி. ஆனால், நீ நினைக்கின்றவாறு எழுதுவேனோ என்பது எனக்கே தெரியாது. தாளை வைத்துவிட்டுப் போ” என்றேன்.

அவன் கேட்ட கேள்விக்கு யான் தேடிய விடையே இக்கட்டுரை.

முத்திரையும் இலச்சினையும்

இலச்சினை நமக்குப் புதியதன்று. கொடியும் பொறியும் மூவேந்தர்க்குத் தனித்தனியே உரியனவாக இருந்தன. முதலாம் இராசேந்திரனது திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்திலே ஒரு முத்திரை உண்டு. புலியும், இணைக் கயலும், வில்லும் அதிலே ஒருங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏட்டிலே எழுதியிருப்பது நிலக்கொடை. வளையத்திலே இருப்பது, அக்கொடையைச் சொல்பவன் யார் என்பது. ஏடு எத்தனை அழகாக எழுதப்பட்டிருப்பினும் வளையம் இல்லையானால் அது அரசனது சொல்லாகாது. நம் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயங்களும் அவ்வாறே. நந்தியும், ‘சேது’ என்னும் தமிழ் எழுத்தும் அவற்றிலே விளங்கும். கையில் வாங்கியவன் உலோகத்தை மாத்திரம் பார்க்கவில்லை. அதற்குப் பின்னே நிற்பவனையும் பார்த்தான்.

இலச்சினை பிறர் கையிற் சிக்கினால் விளைவது யாது? வடமொழியில் விசாகதத்தர் இயற்றிய ‘முத்திராராட்சசம்’ என்னும் நாடகம் முழுவதும் அக்கேள்வியின் மேலேயே நிற்கின்றது. அமைச்சன் இராட்சசனது முத்திரை மோதிரம் சாணக்கியன் கையை அடைகின்றது. சாணக்கியன் தானே புனைந்த ஒரு கடிதத்துக்கு அம்மோதிரத்தால் முத்திரையிடுவிக்கின்றான். போர் நிகழாமலே ஒரு கூட்டணி உடைகின்றது. இராட்சசன் அக்கடிதத்தில் ஒரு சொல்லும் எழுதினானல்லன். ஆயினும் அவன் பேசியதாகவே எல்லாரும் கொண்டனர்.

பல்கலைக்கழகங்களிலே இது இருவகையாகப் பிரிந்து நிற்கின்றது. ஒன்று முத்திரை, மற்றொன்று இலச்சினை. முத்திரை பட்டச் சான்றிதழுக்கும், ஆட்சிக்குழுவின் ஆவணங்களுக்கும், ஒப்பந்தங்களுக்கும் உரியது. அதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பதிவாளர் போன்ற சிலர் கையிலேயே வைத்திருக்கின்றன. இலச்சினை அன்றாட வழக்குக்கு உரியது: கடிதத்தாள், அறிவித்தற் பலகை, நூலின் அட்டை, விழா அழைப்பிதழ் என்பன அதன் இடங்கள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தல் ஆகாது என்பதே விதிகளுள் முதல் விதி.

இவ்வேறுபாடு மக்கள் மனத்திலே தெளிவாக இல்லாதபொழுது என்ன நிகழும் என்பதற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒரு சான்று. அப்பல்கலைக்கழகத்தின் பழைய முத்திரையிலே திறந்த நூலும், விண்மீனும், ஒளி உண்டாகுக என்னும் பொருளுடைய வாசகமும் இருக்கின்றன. 2012 ஆம் ஆண்டு, விளம்பரங்களிலும் அறிவிப்புக்களிலும் இடுவதற்கென்று புதிய இலச்சினை ஒன்றை அவர்கள் வெளியிட்டனர். பட்டச் சான்றிதழிலே பழைய முத்திரைதான் இருக்கும் என்று சொல்லியும் கேட்பார் இலர். 50,000 பேருக்கு மேல் எதிர்ப்பு விண்ணப்பத்திலே ஒப்பமிட்டனர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே புதிய இலச்சினை கைவிடப்பட்டது. கோட்டிலும் வண்ணத்திலும் என்ன இருக்கின்றது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. பிள்ளைகள் அதைத் தம் முகமாகவே கருதினர்.

விதிகளின் இலக்கணம்

இனி, இளைஞன் விட்டுச்சென்ற தாளுக்கு வருவோம். அதிலிருந்த விதிகள் உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வழங்குவனவேயன்றி, அந்த ஒரு நிறுவனத்துக்கு மாத்திரம் உரியன அல்ல. யான் அவற்றை ஓர் இலக்கண ஆசிரியனின் கண்கொண்டு படித்தேன்.

உருவைச் சிதைக்கலாகாது, நீட்டலும் குறுக்கலும் சாய்த்தலும் ஆகா என்பது ஒரு விதி. ஒரு புள்ளி மாறினால் உயிர்மெய் மெய்யாகிவிடும், சொல் வேறாகிவிடும். எழுத்துக்கு வரிவடிவம் எப்படியோ இலச்சினைக்கு வரைவடிவம் அப்படி. ஆளுக்கொரு வடிவமாக வரையத் தொடங்கினால், உண்மையான இலச்சினை எது, போலி எது என்று எவராலும் சொல்ல முடியாது. போலிச் சான்றிதழ் செய்பவனுக்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை.

குறித்த நிறத்திலன்றி வேறு நிறத்தில் இடலாகாது. குறித்த அளவிற் சிறியதாக இடலாகாது என்பன வேறு இரண்டு. அளவு மிகச் சிறுத்தால் உள்ளே இருக்கும் வாசகம் மைப்பொட்டாகிவிடும். வாசிக்க முடியாத வாசகத்தைத் தாங்கிய இலச்சினை, வாய் இருந்தும் ஊமை.

சுற்றிலும் வெற்றிடம் விடவேண்டும். பிற சின்னத்தோடு சேர்க்கலாகாது என்பது இன்னுமொன்று. இதன் நுட்பத்தை நம் மாணவர் புணர்ச்சியிலக்கணத்திலே கண்டுகொள்ளலாம். இரண்டு சொற்கள் நெருங்கி நின்றால் அவற்றிடையே ஓர் உறவு பிறந்துவிடுகின்றது. இலச்சினையும் நகைக்கடைப் பெயரும் ஒட்டி நின்றால், கடையின் பொன்னுக்குப் பல்கலைக்கழகம் மாற்றுரைத்துக் கொடுத்ததாக வாசிப்பவன் பொருள் கொள்வான். அவ்வாறு எவரும் எழுதவில்லை; அருகிருந்தமையே எழுதிவிட்டது.

வணிகப் பொருள்களிலே உரிமம் பெறாது பொறிக்கலாகாது என்பதும் விதியே. கலிபோர்னியாவிலே பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூட ஆட்சிக்குழுவின் அனுமதியின்றித் தம் வணிகத்துக்கோ இயக்கத்துக்கோ பிறர் பயன்படுத்துதலை அம்மாநிலத்தின் கல்விச் சட்டம் தடுக்கின்றது.

இவை யாவும் உருவத்தைப் பற்றியவை. இவற்றுக்கெல்லாம் உயிராக நிற்பது வேறொரு விதி. ஒருவர் தம் சொந்தக் கருத்தைச் சொல்லும்பொழுது இலச்சினை பொறித்த கடிதத்தாளைப் பயன்படுத்தலாகாது என்பதே அது. பேராசிரியரானாலும், மாணவர் சங்கமானாலும், தம் சொல்லை நிறுவனத்தின் சொல்லாகக் காட்டலாகாது. இந்த விதியைப் படித்தபொழுது என் கை தாளின்மேல் நின்றுவிட்டது. ஏனெனில், யான் அதை மீறியவன்.

யான் செய்த பிழை

இற்றைக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. யான் கல்லூரியிலே ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. பண்டிதப் பரீட்சையிலே தேறிய மிடுக்கு இன்னும் இறங்கவில்லை. அக்காலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளுக்கென ஓர் இலக்கணக் கைந்நூல் எழுதித் தம் சொந்தப் பணத்திலே அச்சிட்டார். அயலிலுள்ள பாடசாலைகள் சில அதை வாங்கின.

அந்நூல் முழுவதிலும் அவர் ‘எழுத்துக்கள்’ என்றே எழுதியிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. ‘எழுத்து’ வன்றொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வேறொரு சொல் வந்தால் வல்லினம் மிகும். ‘கள்’ தனிச்சொல் அன்று, விகுதி. ஆதலால் மிகாது, ‘எழுத்துகள்’ என்பதே சரி என்பது என் வாதம். அதோடு நின்றிருந்தால் குற்றமில்லை. “இது பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நூலா, எழுத்துக் கள் வார்க்கும் நூலா?” என்று நையாண்டியும் செய்தேன். இதைக் கடிதமாக எழுதிப் பத்திரிகைக்கு ஒன்றும், பாடசாலை அதிபர்களுக்கு ஒவ்வொன்றுமாக அனுப்பினேன்.

எழுதிய தாள், எங்கள் கல்லூரியின் இலச்சினை பொறித்த கடிதத்தாள். வேறு தாள் கைக்கு அகப்படவில்லை என்று பிற்காலத்திலே சிலருக்குச் சொல்லியிருக்கின்றேன். அது பொய். இலச்சினை தலையிலே இருந்தால் என் சொல்லுக்கு எடை கூடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எடை கூடியது. ‘கல்லூரி கண்டிக்கின்றது’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டுப் பத்திரிகை அதனை வெளியிட்டது. அதிபர்கள் நூலை நிறுத்தினர். ஒருவரேனும் மறுத்து எழுதவில்லை. யான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. வேறொரு வேலையாகப் பழைய உரைநூல்களைத் துருவிக்கொண்டிருந்தபொழுது, ‘எழுத்துக்கள்’ என்னும் வடிவம் அவற்றிலே பயின்று வருதலைக் கண்டேன். ஓரிடத்தில் அன்று, பல இடங்களில். இரு வடிவங்களுக்கும் ஆட்சி உண்டு. ஒன்றை விரும்பலாம், மற்றையதைப் பிழை என்று தள்ளுதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அப்பெரியவரின் வீட்டுக்குச் சென்றேன். விறாந்தையின் ஓர் ஓரத்திலே, சணற் கயிற்றாற் கட்டிய கட்டுக்கள் கூரை வளையை எட்டும்படி அடுக்கிக் கிடந்தன. அவை எவை என்று யான் கேட்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தேநீர் வரவழைத்துத் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, நீர் சொன்ன ஆட்சியெல்லாம் எனக்கும் அப்போதே தெரியும். நீர் எழுதியதாக வந்திருந்தால் நான் மறுமொழி எழுதியிருப்பேன். எழுதியது கல்லூரி. கல்லூரிக்கு நான் ஆர், மறுமொழி எழுத?”

அதன்பின் யான் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதினேன். என் பெயரிலே, வெறுந்தாளிலே எழுதினேன். அது ஒரு மூலையிலே சிறிய எழுத்தில் வந்தது. அதிபர்கள் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நூற்கட்டுக்கள் விறாந்தையிலேயே இருந்தன.

என் பிழை இலக்கணத்தில் மாத்திரம் இருந்ததன்று. இலக்கணப் பிழை எவர்க்கும் நேரும், மற்றொருவர் திருத்துவர், அதுவே கல்வி வளரும் வழி. யான் அவ்வழியை அடைத்துவிட்டேன். ஒரு தனி மனிதனோடு வாதிடலாம். இலச்சினையோடு எப்படி வாதிடுவது?

மூன்று கதிர்க்கட்டுக்கள்

அப்படியானால் இலச்சினை ஆள்வோரின் தனியுடைமையா? அவர்கள் சொன்னதே முடிவா? அதுவும் அன்று. அமெரிக்காவில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு.

அக்கல்லூரியின் பழைய இலச்சினையிலே மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுக்கள் இருந்தன. அவை ஐசக் றோயல் என்பவரது குடும்பச் சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அவர் எழுதிவைத்த சொத்தைக் கொண்டே 1815 இல் ஹார்வர்டின் முதலாவது சட்டப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அந்நன்றியை நினைந்து 1930களிலே கதிர்க்கட்டுக்களை இலச்சினையாக ஏற்றனர். ஆனால், றோயல் குடும்பத்தின் செல்வம் அன்ரிகுவாத் தீவின் கரும்புத் தோட்டத்திலிருந்தும் அடிமைகளின் உழைப்பிலிருந்தும் வந்தது. கதிர்க்கட்டு அழகாகவே இருந்தது. அதன் பின்னே யாருடைய வியர்வை இருந்தது என்பதைப் பல காலம் பலர் அறியாமலே அதை மார்பில் அணிந்தனர்.

2015 ஆம் ஆண்டில் மாணவர்கள் சிலர் இதை எழுப்பினர். அடிமைகொண்டவரின் சின்னம் நீதி பயிலும் இடத்தின் முகமாக இருத்தல் தகாது என்றனர். நிறுவனம் அவர்களை விதிநூலைக் காட்டி அடக்கவில்லை. ஆசிரியர், மாணவர், பழைய மாணவர், பணியாளர் அடங்கிய ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. 2016 மார்ச் மாதத்தில் குழு இலச்சினையை நீக்கப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் அதனை ஏற்றது. 2021 இல் புதிய இலச்சினை வந்தது. உண்மை என்னும் ஹார்வர்டின் பழைய வாசகத்தோடு, சட்டமும் நீதியும் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரும் அதிலே சேர்ந்தது.

குழுவிலே மாறுபட்ட குரலும் ஒன்று இருந்தது. அது குறிப்பிடத்தக்கது. அடிமைகளின் வரலாற்றை எழுதிப் புலிற்சர் பரிசு பெற்ற பேராசிரியர் அன்னெட் கோர்டன்-றீட், இலச்சினையை நீக்கவேண்டாம் என்றார். கதிர்க்கட்டுக்கள் இருந்தால்தான் அந்த அடிமைகளின் நினைவும் இருக்கும் என்பது அவர் கருத்து. அவர் தம் மாறுபாட்டைத் தம் பெயரிலேயே எழுதினார். நிறுவனமும் அதை மறைக்காமல் வெளியிட்டது. அதனால் இன்றும் நாம் இரு பக்கத்தையும் படித்து எண்ணிப்பார்க்க முடிகின்றது. என் கடிதத்துக்கும் அவர் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணி நாணினேன்.

ஆகவே, விதி இரு பக்கமும் ஓடவேண்டும். மாணவன் இலச்சினையைத் தன் விருப்பப்படி ஆட்டக் கூடாது. ஆள்வோரும், இலச்சினை எதைச் சொல்கின்றது என்று கேட்பவனை வாயடைக்கக் கூடாது. விதியைக் கொடுப்பவர் அதற்குக் காரணத்தையும் கொடுத்தல் வேண்டும். அந்த இளைஞன் கொண்டுவந்த தாளிலே விதிகள் இருந்தன. காரணம் ஒன்றுக்கும் இல்லை. அவன் கோபத்திற் பாதி அதனால் வந்தது. அப்பாதி நியாயமானது.

குறிக்கோள் வாசகம்

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் குறிக்கோள் வாசகங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பேராதனையின் வடமொழி வாசகம், நூலறிவு எல்லார்க்கும் கண் என்கின்றது. களனியின் பாளி வாசகம், ஞானத்தால் ஒருவன் தூயனாகின்றான் என்கின்றது. 1974 இல் வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருக்குறளிலிருந்து ஒரு தொடரை எடுத்துக்கொண்டது. அறிவுடைமை, மெய்யுணர்தல் என்னும் இரண்டு அதிகாரங்களிலும் குறளின் முடிபாக வருகின்ற தொடர் அது. மாணவர்க்கு அதைச் சொல்லவேண்டியதில்லை.

அறிவுடைமையில் உள்ள குறளை எத்தனை முறை வகுப்பிலே நடத்தியிருப்பேன்! சொல்பவர் யாராயினும் ஆகுக, சொல்லப்பட்டதிலே உண்மை எது என்று ஆராய்க என்பது அதன் கருத்து. இப்பொழுதுதான் அதை இலச்சினையோடு சேர்த்து நினைக்கின்றேன். இலச்சினை ‘இதைச் சொல்பவர் யார்’ என்று மாத்திரமே சொல்லும். ‘சொல்வது மெய்’ என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது. இலச்சினையைக் கண்டவுடன் ஆராய்வதை நிறுத்திவிடுபவன், அந்த வாசகத்தைக் கண்ணாற் கண்டும் கருத்தாற் காணாதவன். அன்று எங்கள் கடிதத்தாளைக் கண்டு நூலை நிறுத்திய அதிபர்களும், அவர்களை அவ்வாறு நிறுத்தச் செய்த யானும் அவ்வகையினரே.

சென்ற வாரம் இளைஞன் மீண்டும் வந்தான். யான் எண்ணியவற்றையெல்லாம் சொன்னேன். பெரியவரின் விறாந்தையையும் மறைக்காமற் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு புதிய அட்டை மாதிரியை எடுத்துக் காட்டினான். தோழன் ஒருவன் சங்கத்துக்கென்றே வரைந்த ஏடும் எழுத்தாணியும் நடுவிலே இருந்தன. பல்கலைக்கழகத்தின் பெயர் வெறும் எழுத்தில் இருந்தது. நகைக்கடை பின்னட்டைக்குப் போயிருந்தது. விதிகளுக்குக் காரணமும் எழுதித் தருமாறு அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருப்பதாகவும் சொன்னான். மாணவர் அனைவரும் தத்தம் பெயர் எழுதி ஒப்பமிட்டனராம்.

“ஐயா, மலருக்கு ஒரு வாழ்த்துரை வேண்டும். உங்கள் கல்லூரித் தாளிலேயே எழுதித் தாருங்கள். மதிப்பாக இருக்கும்” என்றான், சொல்லி முடிக்குமுன்னே தானே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இருவரும் சிரித்தோம். யான் மாணவர் கொப்பியொன்றிலிருந்து கோடிட்ட தாள் ஒன்றைக் கிழித்து எடுத்தேன். வாழ்த்துரையை எழுதி, அடியிலே என் பெயரை மாத்திரம் இட்டுக் கொடுத்தேன். அதிலே பிழை இருந்தால் எவரும் எனக்கு மறுமொழி எழுதலாம்.